புகைப்பேழையும் வெற்றிலைச் செல்லமும்: ஒரு மதிப்பீடு

‘பினாங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். பாக்கு மரத்தின் பெயரைத் தாங்கிய தீவிலே, பாக்கு ஆறு என்று பொருள்படும் சுங்கை பினாங், ஜார்ஜ்டவுன் நகரின் ஊடே ஓடிக் கிழக்குக் கரையில் கடலோடு கலக்கிறது. அவ்வாற்றின் பெயரையே அதனை அடுத்த குடியிருப்பு வட்டாரமும் ஏற்றுக்கொண்டது. வெற்றிலை பாக்கு மாற்றி உறவை உறுதி செய்பவர் தமிழர். பெண் கேட்கும் வினையையே ‘மெமினாங்’ என்று பாக்கின் பெயரால் வழங்குபவர் மலாய்க்காரர். இவ்விரு சாராருக்கும் அந்தப் பெயர் வெறும் இடப்பெயராக மட்டும் நின்றுவிடுவதில்லை.

அத்தகைய ஊரிலிருந்து ஜப்பானியரின் பழைய மரப் புகைப்பேழையை மதிப்பிட முற்படுவது பொருத்தமற்ற செயலாக முதற்பார்வையில் தோன்றலாம். ஆயின், ஒரு பொருளை அதன் உறவுப் பொருள்களிடையே வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் குணமும் குறையும் விளங்கும். புகைப்பேழைக்கு நெருங்கிய உறவு நாற்காலியோ மேசையோ ஆகாது. வெற்றிலைச் செல்லமே அதற்கு உறவு. எனவே, அதனை அளந்து பார்ப்பதற்குப் பாக்கின் பெயர் கொண்ட ஊரினும் ஏற்ற இடம் வேறு இருத்தல் அரிது.

பழைய ஜப்பானியப் பொருள்கள் இருவகைப் பார்வைக்கு உள்ளாகின்றன. பழம்பொருள் வணிகரின் பார்வை ஒன்று. கயிறு திரித்தவர் தெரு என்று பொருள்படும் பிந்தால் தாலி சந்திலும், பிறகு லோரோங் கூலிட் சந்தையிலும் பழம்பொருள் பேரம் பேசிப் பழகிய நகரம் இது. அங்கே வயது, அருமை, விலை என்ற மூன்றே அளவுகோல்கள். மற்றொன்று, போரின் கொடுமையை நேரில் அனுபவித்த தலைமுறையின் பார்வை. ஜப்பானியப் பொருள் என்றவுடனேயே அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதற்பார்வை பொருளின் விலையைப் பார்க்கிறது. இரண்டாவது பார்வை அதன் பிறப்பிடத்தைப் பார்க்கிறது. பேழையை இரண்டுமே பார்க்கவில்லை. பேழை என்ன செய்வதற்காகப் பிறந்தது, அதனை எவ்வளவு செம்மையாகச் செய்தது என்ற கேள்விகளே திறனாய்வின் கேள்விகள்.

பேழையின் அமைப்பு

ஜப்பானியர் இதனைத் ‘தபாக்கோ பொன்’ என்பர். ‘பொன்’ என்ற சொல் தமிழ்ச் செவிக்குத் தங்கத்தை நினைவூட்டினும், இங்கே அதற்குத் தட்டு என்றே பொருள். தொடக்கத்தில் அது தட்டாகவே இருந்தது. நறும்புகைக் கலங்களை ஏந்திய தட்டே புகையிலைத் தட்டாக மாறியது என்று கூறுவர். நாளடைவில் தட்டின் விளிம்பு உயர்ந்தது, அடியில் இழுப்பறைகள் சேர்ந்தன, தூக்கிச் செல்ல மேலே ஒரு கைப்பிடி வந்தது, தட்டு பேழையாயிற்று. பொதுவாக ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று மிகுந்த உயரமே உடைய சிறிய மரச்சாமான் அது.

அதன் மேற்பகுதியில் இரண்டு கலங்கள் அமர்கின்றன. ஒன்று கனற்கலம். பீங்கானாலோ உலோகத்தாலோ ஆன அந்தச் சிறு கலத்தில் நுண்ணிய சாம்பலை நிரப்பி, அதன் நடுவே ஒரு துண்டுக் கரித்தணலைப் புதைத்து வைப்பர். சாம்பல் போர்த்த தணல் விரைந்து எரியாமல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். மற்றொன்று சாம்பற்குழல். ஒரு கணு மூங்கிலை அடிப்பாகம் அடைந்திருக்குமாறு வெட்டி நிறுத்தியது அது. புகைத்து முடித்த சாம்பலைத் தட்டிக் கொட்டுவதற்கு அதுவே இடம். கீழே உள்ள இழுப்பறைகளில் மயிரிழைபோல் மெல்லியதாக நறுக்கிய புகையிலை இருக்கும்.

புகைக்கும் கருவி ‘கிசெரு’ என்னும் நீண்ட குழல். அதன் இரு முனைகளும் உலோகம், இடைத்தண்டு மூங்கில். கம்போடியரின் கெமர் மொழியிலிருந்தே அப்பெயர் ஜப்பானுக்குச் சென்றது என்பர். அந்தக் குழலின் கிண்ணம் மிகச் சிறியது. பட்டாணி அளவு புகையிலையே அதில் கொள்ளும். இரண்டு மூன்று முறை இழுத்தவுடன் தீர்ந்துவிடும். பிறகு சாம்பலைத் தட்டவேண்டும், மீண்டும் நிரப்பவேண்டும், மீண்டும் தணலை நோக்கிக் குனியவேண்டும். ஆகவே, புகைப்பவர் அருகிலேயே நெருப்பும் குப்பைக்கூடையும் பண்டசாலையும் ஒருங்கே இருந்தாக வேண்டும். இந்த மூன்றையும் ஒரு சாண் சதுரத்துக்குள் அடக்கியதே பேழை செய்த முதல் வேலை.

அது எளிய வேலையும் அன்று. மரச் சட்டமும் காகிதக் கதவும் கோரைப்பாயும் கொண்டது ஜப்பானியரின் வீடு. அவ்வீட்டின் நடுவே, பாயின்மேல், விருந்தினரின் முழங்காலுக்கு அருகில் எரிதணலை வைக்கவேண்டும். எடோ நகரம், அதாவது இன்றைய தோக்கியோ, 1657-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பெரும்பகுதி அழிந்தது. நெருப்புக்கு அஞ்சி வாழ்ந்த மக்கள் நெருப்பை நம்பி நடுவீட்டில் வைக்கத் துணிந்தனர் என்றால், அந்த நம்பிக்கைக்குரிய கலத்தை எவ்வளவு கவனத்தோடு செய்திருக்க வேண்டும்! கலம் சாயாதபடி பேழையின் அடி அகன்றது. தணலின் சூடு மரத்தைத் தாக்காதபடி மேற்குழிக்குச் செம்புத் தகடு வேய்ந்தனர். மூலைகளில், இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் பல்பல்லாக மரத்தைப் பொருத்தி, மர ஆணிகளால் இறுக்கினர்.

மரத்தேர்விலும் அதே கவனம் தெரிகிறது. பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கொட்டை மரம், வரியழகு மிகுந்த ‘கெயாக்கி’ மரம், எடை குறைந்த ‘கிரி’ மரம் ஆகியன பெரிதும் பயன்பட்டன. நல்ல பேழையில் மரத்தின் வரிகளே ஓவியம். அரக்குப்பாலை மெல்லத் தேய்த்து, வரிகள் மறையாமல் மெருகேற்றினர். பக்கப் பலகையில் ஒரு பிறைத் துளை, அல்லது ஓர் இலை வடிவத் துளை; அவ்வளவே அலங்காரம். அழகைப் புறத்தே ஒட்டாமல், செய்யும் வேலையிலிருந்தே அழகு பிறக்குமாறு அமைத்த இந்த அடக்கமே புகைப்பேழையின் தலையாய குணம்.

விருந்தும் அவமதிப்பும்

புகையிலை பதினாறாம் நூற்றாண்டின் இறுதியளவில் போர்த்துக்கீசியர் வழியாக ஜப்பானுக்குச் சென்றது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொக்குகாவா ஆட்சியாளர் அதனைப் பலமுறை தடைசெய்தனர். தடைகள் நிலைக்கவில்லை. சட்டத்தால் வெல்ல முடியாத பழக்கத்தை அந்நாட்டுச் சமுதாயம் வேறொரு வழியில் கட்டுப்படுத்தியது; அதற்கு ஒழுங்கு கற்பித்தது. விருந்தினர் வந்தமர்ந்தவுடன் தேநீருக்கும் முன்னரோ, தேநீரோடு ஒருங்கேயோ, புகைப்பேழை அவர் முன் வைக்கப்பட்டது. “அமருங்கள், அவசரம் வேண்டாம்” என்று வாயால் சொல்லாமல் பொருளால் சொல்லும் முறை அது.

தேநீர் விருந்து மரபில் இதன் குறிப்பு இன்னும் நுட்பமானது. விருந்தினர் காத்திருக்கும் இருக்கையிலும், கடுமையான சடங்குப் பகுதி முடிந்து இலேசான தேநீர் தொடங்கும் நேரத்திலும் புகைத்தட்டு வைக்கப்படுகிறது. பெரும்பாலும் எவரும் புகைப்பதில்லை. ஆயினும் தட்டு வைக்கப்படுகிறது. இனிச் சற்று இளைப்பாறிப் பேசலாம் என்பதற்கு அது அடையாளம். புகையே இல்லாமலும் தன் பொருளை உணர்த்தவல்ல புகைத்தட்டு, வெறும் புழங்குபொருள் என்ற நிலையைக் கடந்து ஒரு மொழியாகிவிட்டது எனலாம்.

மொழி என்றால் வசையும் உண்டு. ‘சுகெரோக்கு’ என்னும் புகழ்பெற்ற கபுக்கி நாடகத்தில் ஒரு காட்சி வருகிறது. கணிகையர் அனைவரும் தம் புகைக்குழல்களைக் கதாநாயகனுக்கே நீட்டிவிடுகின்றனர். செல்வச் செருக்குமிக்க முதியவன் இக்கியூவுக்கு ஒரு குழலும் எஞ்சவில்லை. அவன் கேட்கும்போது, கதாநாயகன் ஒரு குழலைத் தன் கால்விரலிடுக்கில் பிடித்து நீட்டுகிறான். அரங்கம் முழுதும் அந்த அவமதிப்பை உணர்கிறது. இடக்கையால் வெற்றிலை தந்தால் என்ன பொருள் என்று அறிந்த தமிழருக்கு இக்காட்சியை விளக்கத் தேவையில்லை. தரும் முறையில்தான் தரப்படும் பொருளின் மதிப்பு இருக்கிறது.

தமிழர் புகையும் தமிழர் தாம்பூலமும்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் புகையிலை வந்தது. யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூர்ச் சந்தை வரை சென்று விலைபோயிற்று. ‘சுருட்டு’ என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்துக்குள் புகுந்து உலகெங்கும் வழங்கியது. சீனிச் சர்க்கரைப் புலவர் என்பார் புகையிலையையே தூது அனுப்பிப் பழனி முருகன்மீது ‘புகையிலை விடு தூது’ என்றொரு சிற்றிலக்கியம் பாடினார். உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்துக் காத்தார். வாணிகமும் சொல்லும் நூலும் புகையிலைக்குத் தந்த தமிழர், அதற்கென ஒரு பேழையை ஏன் செய்யவில்லை?

சுருட்டு தன்னைத்தானே சுமந்துகொள்ளும் என்பது ஒரு விடை. அதற்குக் குழல் வேண்டா. நறுக்கிய இலையை வைக்க அறை வேண்டா. ஆனால் அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. தமிழர் வீட்டில் விருந்தோம்பலின் முதலிருக்கை முன்னரே நிரம்பியிருந்தது. அங்கே வெற்றிலை அமர்ந்திருந்தது. திருமணம் பேசுவதும் தாம்பூலத்தால். அழைப்பதும் வெற்றிலை பாக்கு வைத்து. வழியனுப்புவதும் தாம்பூலம் தந்து. பின்னே வந்த புகையிலைக்கு இரண்டு வழிகளே இருந்தன. வெற்றிலையோடு சேர்ந்து வாய்க்குள் போவது ஒன்று. பெரியவர் கண்ணில் படாமல் திண்ணையோரத்திலும் வரப்பிலும் புகைவது மற்றொன்று. புகை தமிழரிடையே விருந்தாகவில்லை. ஒளிவு மறைவான பழக்கமாகவே நின்றது. மறைவில் செய்யும் செயலுக்கு எவரும் அழகிய பேழை செய்வதில்லை.

ஆதலால், புகைப்பேழைக்கு இணையான தமிழ்ப் பொருளைப் புகையிலையின் பக்கம் தேடுவது வீண். அதனை வெற்றிலையின் பக்கமே காணவேண்டும். செல்லத்தைத் திறந்தால் இணை ஒவ்வொன்றாகத் தென்படும். வெற்றிலை வைக்கத் தட்டு, பாக்கு வைக்கச் சிமிழ், சுண்ணாம்புக்குக் கரண்டகம், பாக்குவெட்டி. அருகே, துப்புவதற்குப் படிக்கம். ஜப்பானியரின் சாம்பற்குழல் செய்யும் வேலையைத் தமிழர் வீட்டில் படிக்கம் செய்தது. இரண்டு நாகரிகங்களும் ஒரே உண்மையை உணர்ந்திருந்தன. இன்பத்தைத் தருகிறவன் அந்த இன்பத்தின் கழிவுக்கும் இடம் தரவேண்டும் என்பதே அவ்வுண்மை. விருந்தினர் எச்சிலை எங்கே துப்புவது, சாம்பலை எங்கே தட்டுவது என்று தடுமாறும்படி விடுபவன் நல்ல விருந்தோம்பி ஆகமாட்டான்.

மலாய்க்காரரின் ‘தெப்பாக் சீரே’ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வெற்றிலைக்கு ஒரு பிரிவும், பாக்கு, சுண்ணாம்பு, காம்பீர், கிராம்பு, புகையிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிமிழ்களும் கொண்ட அப்பெட்டி, பெண் கேட்கும் சடங்கில் முன்னே செல்கிறது. பாபா நியோன்யா குடும்பங்களும் வெற்றிலைப் பெட்டியைத் தம் திருமணச் சீர்களோடு போற்றின. ஆக, தமிழரும் மலாய்க்காரரும் பாபாக்களும் கலந்து வாழ்ந்த பினாங்கில், ஒரு பெட்டியைத் திறந்து விருந்தினர் முன் வைப்பது அனைவரும் அறிந்த செயல். ஜப்பானியப் பேழை இந்த ஊருக்கு அயலார் வீட்டுப் பொருள். ஆனால் அது பேசும் பேச்சு இந்த ஊருக்கு விளங்காத பேச்சன்று.

ஒப்பிட்டுப் பார்க்கையில் வேறுபாடும் விளங்கும். வெற்றிலைச் செல்லம் பகிர்தலின் கலம். ஒருவர் மடித்துக் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொள்கிறார். பலர் கைகள் ஒரே தட்டில் கலக்கின்றன. பித்தளையின் பளபளப்பும், சிமிழ்களின் ஓசையும், பாக்குவெட்டியின் ‘கடக்’ என்ற ஒலியும் கூட்டத்துக்கு உரியவை. புகைப்பேழையோ பெரும்பாலும் ஒரு விருந்தினர்க்கு ஒன்று என வைக்கப்படுவது. அது தனிமைக்கு மதிப்புத் தருகிறது. பேச்சுக்கு இடையிடையே மௌனத்துக்கும் இடம் தருகிறது. செல்லம் கலகலப்பான கலம். பேழை நிதானமான கலம். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது திறனாய்வாகாது. ஒவ்வொன்றும் தன் வீட்டாரின் இயல்பை மறைக்காமல் காட்டுகிறது என்பதே பாராட்டுக்குரியது.

பேழையின் குறைகள்

குணங்களை மட்டும் எடுத்துரைப்பது பாராட்டுரையாகுமே அன்றி மதிப்பீடாகாது. புகைப்பேழைகள் அனைத்தும் அடக்கத்தின் வடிவங்கள் அல்ல. செல்வர் வீடுகளுக்கென்று செய்யப்பட்ட பேழைகள் பலவற்றில் பொற்றூள் ஓவியமும் முத்துச்சிப்பிப் பதிப்பும் வெள்ளிப் பூணும் நிறைந்துள்ளன. 1868-க்குப் பின், மேலைநாட்டாருக்கு விற்பதற்காகவே கைவினைப் பொருள்கள் மிகுதியாகச் செய்யப்பட்ட காலத்தில் இந்த மிகை மேலும் வளர்ந்தது. அத்தகைய பேழையில் கண் ஓவியத்திலேயே நின்றுவிடுகிறது. கை தணலைத் தேடித் தடுமாறுகிறது. பழம்பொருள் சந்தையில் இவைதாம் அதிக விலை பெறுகின்றன. விலையும் தரமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. விருந்தோம்பலின் சின்னமாகப் போற்றப்பட்ட இப்பேழை, எடோ காலத்து இன்பக் கேளிக்கைப் பகுதிகளிலும் தவறாமல் இடம்பெற்றது. அங்கே குழலை நிரப்பி, பற்றவைத்து, வந்தவனுக்கு நீட்டிய பெண் தன் விருப்பத்தால் அங்கே இருந்தவள் அல்லள். பெரும்பாலும் கடனுக்கு விற்கப்பட்டவள். பழைய மரவெட்டு ஓவியங்களில் நீண்ட குழலோடு சாய்ந்திருக்கும் அழகியரைக் கண்டு மகிழ்பவர் இதனை மறத்தலாகாது.

பினாங்குக்கும் இச்செய்தி அயலானதன்று. போருக்கு முன்னரே ஜார்ஜ்டவுனின் சிந்த்ரா சாலையும், அதனை ஒட்டிய கம்போங் மலபாரும் ஜப்பானியத் தெரு என்று பொருள்படும் பெயர்களால் ஹொக்கியன் மக்களிடையே வழங்கின. ஜப்பானியரின் புகைப்படக் கடைகளும் பிற கடைகளும் அங்கே இருந்தன. விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த ஏழைப் பெண்களும் இருந்தனர். ‘கராயுக்கிசான்’ என்று அழைக்கப்பட்ட அவர்களுள் பலர் ஜப்பானின் தென்பகுதியாகிய கியூஷூவின் வறிய கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பி. ராம்லி சாலையில் உள்ள பழைய ஜப்பானியர் இடுகாடு அக்காலத்துக்குச் சான்றாக நிற்கிறது. விருந்தின் கலம் எது, அடிமைத்தனத்தின் கலம் எது என்று பேழையை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. அதனை நீட்டிய கை கட்டுண்ட கையா, கட்டற்ற கையா என்றும் கேட்கவேண்டும்.

மூன்றாவது குறை பேழையின் உள்ளடக்கத்தைப் பற்றியது. புகையிலை நஞ்சு. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்துவந்துள்ளது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தொடங்கி உணவகங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. செல்லத்துக்கும் இதில் பெருமை இல்லை. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. எனவே, பேழையையும் செல்லத்தையும் போற்றுவது பழக்கத்தைப் போற்றுவதாகாது. பழக்கம் மறையட்டும், அதனைச் சுற்றி மனிதர் கட்டிய மரியாதை மறைய வேண்டுமா என்பதே கேள்வி.

பகையின் நினைவும் பொருளின் நீதியும்

இனி, மதிப்பீட்டில் மிகக் கடினமான பகுதிக்கு வரவேண்டும். 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஆங்கில அதிகாரிகள் உள்ளூர் மக்களைக் கைவிட்டு இரவோடு இரவாக வெளியேறினர். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, நகரில் எஞ்சியவர்களைத் திரட்டிக் குழு அமைத்தார். கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். மேலும் குண்டு போடவேண்டாம் என்று வானொலியில் அறிவித்தார். டிசம்பர் 19-இல் ஜப்பானியப் படை நகருக்குள் வந்தது. 1945 செப்டம்பர் வரை அந்த ஆட்சி நீடித்தது.

அந்த ஆண்டுகளின் காயம் மலேசியத் தமிழரிடையே ஆறாதது. 1942, 1943 ஆகிய இரண்டே ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்காகத் தோட்டப்புறங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தத் துயரைத் தமிழில் பதிவு செய்தன. தந்தையை அந்தக் காட்டில் பறிகொடுத்த குடும்பத்தின் வீட்டில் ஜப்பானியப் பேழை ஒன்றை வைத்து, “இதன் அழகைப் பாருங்கள்” என்று சொல்வது எவ்வளவு கொடுமை! அக்குடும்பம் முகத்தைத் திருப்பினால் அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆயினும், துயருற்றவரின் உரிமையைத் திறனாய்வாளர் கடன்வாங்கிக் கொள்ளலாகாது. பேழையைச் செய்த தச்சன், பாதை போட்ட படையதிகாரி அல்லன். சோயெத்சு யானகி என்ற ஜப்பானியத் திறனாய்வாளரின் வரலாறு இங்கே கருதத்தக்கது. தம் நாடு கொரியாவை அடிமைப்படுத்தி வைத்திருந்த காலத்தில், பெயரறியாத கொரியக் குயவர் செய்த கலங்களில் அவர் பேரழகைக் கண்டார். 1922-இல் தம் நாட்டு ஆட்சியாளர் சியோல் நகரின் குவாங்ஹ்வாமுன் வாயிலை இடிக்க முற்பட்டபோது அதனை எதிர்த்து எழுதினார். 1936-இல் தோக்கியோவில் எளிய மக்களின் கைவினைக்கென ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார். கொரியக் கலையைச் சோகத்தின் கலை என்று அவர் சுருக்கியதில் ஆள்பவரின் இரக்கமே ஒலிக்கிறது என்று பின்வந்தோர் குறைகூறினர், அக்குறை நியாயமானதே. ஆனாலும், ஆளும் நாட்டில் பிறந்தவர் ஆளப்பட்ட நாட்டுக் கைவினைஞனுக்கு நீதி வழங்க முயன்றார். பாதிக்கப்பட்ட நாட்டில் பிறந்தவர், பாதித்த நாட்டின் கைவினைஞனுக்கு அதே நீதியை வழங்குவது அதனினும் அரியது. எனவே அதனினும் உயர்ந்தது.

தமிழருக்கு இந்த வழியில் ஒரு முன்னோடியும் உண்டு. 1877-இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908-இல் வெளியிட்ட நூலில் சிங்களக் கைவினைஞரின் கலையை ஆராய்ந்தார். 1917 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். அவருக்கு முன் அதே நிறுவனத்தில் ஜப்பானிய அறிஞர் ஒக்காகுரா பணிபுரிந்திருந்தார். பயனையும் அழகையும் பிரித்துப் பார்ப்பது பிழை, அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள் வாழ்விலிருந்து பிடுங்கப்பட்ட பொருள் என்ற கருத்தைக் குமாரசுவாமி வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். அந்தக் கருத்தே புகைப்பேழையை அளக்கவும் தக்க கோல்.

நீதி வழங்குவது வேறு, மறப்பது வேறு. பேழையின் அழகை ஏற்பதனால் மரண இரயிலின் கணக்கு தீர்ந்துவிடாது. அழகைச் சாட்சியாக நிறுத்திக் குற்றத்தை விடுவிக்க முயல்வோர் பேழைக்கும் நீதி செய்யவில்லை. மாண்டவர்க்கும் நீதி செய்யவில்லை. இரண்டு நினைவுகளையும் ஒரே நெஞ்சில் தாங்கப் பழகவேண்டும். பி. ராம்லி சாலைக்குப் பெயர் தந்த கலைஞர் 1929-இல் பினாங்கில் பிறந்தவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் பயின்று, அங்கே ஜப்பானியப் பாடல்களையும் கற்றவர். அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே ஜப்பானியர் இடுகாடும் இருக்கிறது. இந்த ஊர் இரண்டையும் சேர்த்தே சுமந்துவந்திருக்கிறது.

எஞ்சுவது எது?

ஜப்பானில் புகைப்பேழையின் காலம் முடிந்துவிட்டது. தீக்குச்சியும் சிகரெட்டும் வந்தபின் தணலுக்கும் குழலுக்கும் வேலை குறைந்தது. 1904-இல் அரசே புகையிலை உற்பத்தியைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. ரஷ்யாவோடு நடத்திய போருக்கு அந்த வருவாய் தேவைப்பட்டது. ஒரு காலத்தில் விருந்தினரை வரவேற்ற புகை, போர்ச்செலவுக்குக் காசாயிற்று. ஆயினும் அந்நாட்டார் பேழையை மறக்கவில்லை. 1978-இல் புகையிலைக்கும் உப்புக்குமென்று தோக்கியோவில் ஓர் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. பேழையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் கடல் கடந்த சந்தையில், சாம்பற்குழல் தொலைந்து, கனற்கலம் பூச்சாடியாகி நிற்கும் பேழையைக்கூட அறிந்தவர் அடையாளம் காண முடிகிறது.

வெற்றிலைச் செல்லத்தின் நிலை என்ன? கப்பலேறி வந்தவர்கள் தம் மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பித்தளைச் செல்லங்களும், தோட்டத்து வீடுகளில் பாட்டிமார் மடியில் இருந்த சுருக்குப்பைகளும், பாக்குவெட்டிகளும், படிக்கங்களும் எங்கே? பல, பழைய பித்தளை என்று எடைக்குப் போயின. பாக்குவெட்டிக்கும் கரண்டகத்துக்கும் பெயர் சொல்லத் தெரிந்த வாய்களும் குறைந்துவருகின்றன. மலேசியத் தமிழ் எழுத்து தோட்டத்தைப் பாடியிருக்கிறது, இரயில் பாதையைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் எந்தக் கலத்தைத் திறந்து வரவேற்றனர் என்பதை ஒரு பொருளின் வரலாறாக எழுதியது மிகக் குறைவு.

ஜப்பானியப் புகைப்பேழை தமிழருக்குக் கற்பிக்கத்தக்க பாடம் இதுவே. அதனை விலைகொடுத்து வாங்கிக் கூடத்தில் வைப்பதால் பயனில்லை. அதனைச் செய்த சமுதாயம் அதன்மேல் செலுத்திய கவனத்தைக் கற்றுக்கொள்வதில்தான் பயன் உண்டு. நெருப்பை அடக்கி, நஞ்சுக்கு எல்லை வகுத்து, கழிவுக்கு இடம் ஒதுக்கி, இவற்றையெல்லாம் வந்தவரின் கைக்கு எட்டும் தொலைவில் பணிவோடு வைத்த ஒரு மரப்பெட்டி அது. அதே பணிவைப் பித்தளையில் வார்த்தவர்கள் தமிழர். பாக்கின் பெயரால் அழைக்கப்படும் ஆற்றங்கரையில் அந்தக் கலத்தின் பெயர்களாவது எழுதி வைக்கப்பட வேண்டும். தணல் அணைந்த பின்னும் பேழையின் பொருளை ஜப்பானியர் காத்தனர். வெற்றிலை வாடிய பின்னும் செல்லத்தின் பொருளைக் காக்கும் கடமை தமிழ் எழுத்தாளரையே சாரும்.